திரைக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர்

1921ஆம் ஆண்டு பம்பாய். மலபார் குன்றில் ஒரு பங்களா. மில் முதலாளி ஒமர் ஃபரீத் இறந்துவிட, அவருடைய மூன்று மனைவிகளும் பர்தாவுக்குள் இருக்கிறார்கள். தங்களுக்குச் சேர வேண்டிய சொத்தை வக்ஃபுக்கு (முஸ்லிம் அறக்கட்டளைக்கு) விட்டுக்கொடுப்பதாக மூவரும் சம்மதித்த கடிதம் வக்கீல் அலுவலகத்துக்கு வந்து சேர்கிறது. ஒரு கையெழுத்து வெறும் பெருக்கல் குறி. எழுதப் படிக்கத் தெரியாத பெண் எதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்தாள்? அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள பங்களாவின் படியேறுகிறாள் பர்வீன் மிஸ்திரி என்ற பார்ஸிப் பெண் வக்கீல். பிறகு அந்த வீட்டில் ஒரு கொலை விழுகிறது.

சுஜாதா மாஸி எழுதி 2018இல் வெளிவந்த ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ நாவலின் தொடக்கம் இது. (இவர் நம் சுஜாதா அல்ல. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழும் எழுத்தாளர்.) நாவல் அமெரிக்காவில் மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் விருதும் அகதா விருதும் வாங்கியது, பர்வீனை வைத்தே அடுத்தடுத்து நாவல்களும் வந்தன. நம் சுஜாதாவின் கணேஷ்-வசந்த்தோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு வக்கீல் துப்பறிவது புதிதல்ல. ஆனால் காந்தி ஒத்துழையாமை இயக்கம் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் ஒரு பெண், வக்கீலாக, கொலை நடந்த வீட்டுக்குள் நுழைந்து விசாரிக்கிறாள் என்றால் நம்பச் சற்றுக் கஷ்டமாகத்தான் இருக்கும். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு அந்தக் காலத்துப் புடவையைச் சுற்றிவிட்டார் ஆசிரியர் என்று தோன்றலாம்.

அப்படியில்லை. பர்வீனுக்கு முன்மாதிரியாக இருந்தவர்கள் இருவர்: கொர்னீலியா சொராப்ஜி, மித்தன் டாட்டா லாம். ஆசிரியரே சொல்லியிருக்கிறார். அவர்களில் மூத்தவரான சொராப்ஜியின் வாழ்க்கையைப் படித்தால், நாவலாசிரியர் பல இடங்களில் அடக்கித்தான் வாசித்திருக்கிறார் என்று தெரியும்.

முதலில் அந்தப் பர்தாத் திரையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் சொராப்ஜியின் தொழிலே அங்கேதான் பிறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்திலும் பீகாரிலும் பெரிய ஜமீன் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண் முகத்தில் விழிப்பதில்லை. ஆனால் சொத்து அவர்கள் பெயரில் இருந்தது. ஜமீன்தார் இறந்தால் விதவையோ, மைனர் மகனுக்குக் காப்பாளராகத் தாயோ கையெழுத்துப் போட வேண்டும். பத்திரத்தைக் காரியஸ்தர் கொண்டுவருவார். திரைக்கு வெளியே நின்று சாராம்சம் என்று எதையோ சொல்வார். பத்திரம் உள்ளே போகும். கைநாட்டோடு வெளியே வரும். உள்ளே இருந்தவர் ராணிதானா, ராணியின் பெயரில் ஒரு வேலைக்காரியா என்பதற்கு யாரோ உறவுக்காரர் ‘அவர்தான்’ என்று சொல்லும் சாட்சியைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. நீதிமன்றத்துக்கே வர நேர்ந்தாலும் மூடிய பல்லக்கில்தான் வருவார். கேள்வி வெளியே, பதில் உள்ளே.

ஆங்கிலேய நீதிபதிகள் இதிலுள்ள ஆபத்தைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். பர்தாப் பெண் எழுதிக்கொடுத்த பத்திரம் செல்ல வேண்டுமானால், அதன் பொருளை அவர் உண்மையிலேயே புரிந்துகொண்டுதான் கையெழுத்திட்டார் என்று பத்திரத்தால் பலன் பெறுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை தீர்ப்புகள் வந்தன. அவருக்குச் சுயேச்சையான ஆலோசனை கிடைத்ததா என்றும் நீதிமன்றங்கள் கேட்டன. நல்ல கேள்விதான். ஆனால் ஆலோசனை சொல்ல வேண்டிய வக்கீல் ஆண். அவர் திரைக்கு இந்தப் பக்கம். உள்ளே போகக்கூடிய பெண்ணுக்கோ வக்கீலாகச் சட்டத்தில் இடமில்லை. இந்த முட்டுச்சந்தில்தான் சொராப்ஜி வந்து நின்றார்.

கொர்னீலியா 1866இல் நாசிக்கில் பிறந்தவர். தந்தை, பார்ஸி மதத்திலிருந்து கிறிஸ்தவரான பாதிரியார். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரி கொர்னீலியாதான். இங்கிலாந்தில் படிக்க அரசு உதவித்தொகை பெறும் அளவுக்கு அவருடைய மதிப்பெண் இருந்தது. பெண் என்பதால் தரவில்லை. இங்கிலாந்தில் சிலர் பணம் திரட்டி அனுப்பினார்கள், அவர்களில் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலும் ஒருவர். 1889இல் ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரிக்குப் போனார். 1892இல் அங்கே சட்டத்தில் பி.சி.எல். தேர்வு எழுதிய முதல் பெண் ஆனார். அவர் எழுதுவதற்கென்றே பல்கலைக்கழகம் தனி அனுமதி தர வேண்டியிருந்தது. தேர்வு எழுத விட்டார்களே தவிர பட்டம் தரவில்லை. பெண்களுக்குப் பட்டம் தர ஆக்ஸ்ஃபோர்டுக்கு 1920 வரை மனம் வரவில்லை.

ஊர் திரும்பியவர் பம்பாயில் எல்.எல்.பி. முடித்தார். அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் வக்கீல் தேர்விலும் 1899இல் தேறினார். வக்கீலாகத் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னத்து மட்டும் கிடைக்கவில்லை. இடையில் 1896இல் புனாவில், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வாதாட ஒரு ஆங்கிலேய நீதிபதி அவரை அனுமதித்தார். நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் வக்கீல் அல்லாத ஒருவரும் வாதாடலாம் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த ஓட்டை வழியாக உள்ளே போய் வழக்கையும் ஜெயித்தார்.

சமஸ்தானங்களில் பிரிட்டிஷ் சட்டத்தின் கெடுபிடி குறைவு, ஆகவே அங்கே வாய்ப்பு கிடைத்தது. ‘இந்தியா காலிங்’ என்ற தன்வரலாற்றில் சொராப்ஜி சொல்லும் ஒரு வழக்கு, நாவலில் வந்திருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். பஞ்சமகால் பகுதியில் அவருடைய கட்சிக்காரர் ஒரு யானை. அதன் பராமரிப்புக்கென்று மானியமாக விட்ட நிலத்தின் வருமானத்தை ராஜா நிறுத்திவிட்டார். பிரதிவாதியும் ராஜா, நீதிபதியும் ராஜா. சொராப்ஜி வாதத்துக்குத் தயாராகப் போனால் ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் ஒரு புல்டாக் நாய். வாயைத் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது: யானைக்கே வெற்றி. காரணம், நாய்க்குச் சொராப்ஜியைப் பிடித்துப்போயிற்று!

இப்படி வெல்வதில் அவருக்குச் சந்தோஷம் இருந்திருக்க முடியாது. அரசாங்கத்துக்கு அவர் எழுதிக்கொண்டே இருந்தார்: திரைக்குள் இருக்கும் பெண்களுக்குச் சட்டம் சொல்ல ஒரு பெண் வேண்டும். 1904இல் வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் உதவியாளர் பதவி கிடைத்தது. மைனர்களும் பெண்களும் வாரிசாக இருந்த ஜமீன்களை அரசு சார்பில் நிர்வகித்த அமைப்பு அது. வங்காளம், பீகார், ஒரிஸா, அஸ்ஸாம் என்று ரயில், படகு, பல்லக்கு எதுவானாலும் ஏறிப் போனார். இருபதாண்டுகளில் 600க்கும் மேற்பட்ட பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அவர் உதவியதாகக் கணக்குச் சொல்கிறார்கள். கணக்குப் புத்தகத்தை ராணிக்குப் படித்துக்காட்டுவது, வாரிசுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வைப்பது, மாமியார் மருமகள் தகராறில் பஞ்சாயத்து செய்வது எல்லாமே வேலைதான். அரசுக்கு அவர் அதிகாரி. உள்ளே இருந்தவர்களுக்கு, தங்களைப் போலப் புடவை கட்டிய ஒரு பெண். நாவலில் போலீஸால் முடியாததைப் பர்வீன் சாதிப்பதற்கு இதே சலுகைதான் காரணம்.

ஆனால் சன்னத்துக் கதை வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

1916இல் கல்கத்தாவில் ரெஜினா குஹா என்ற எம்.ஏ., பி.எல். பட்டதாரி, அலிப்பூர் நீதிமன்றத்தில் பிளீடராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். வழக்கு ஐந்து நீதிபதிகள் முன் போனது. அவருக்காக வாதாடியவர் எர்ட்லி நார்ட்டன். சென்னையில் பல காலம் கொடிகட்டிப் பறந்த பாரிஸ்டர், அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்கு எதிராக அரசுத் தரப்பில் நின்றவரும் அவரே. தகுதியுள்ள ‘நபர்’ என்றுதானே 1879ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது, ஆண்பாலில் சொன்னது பெண்ணையும் குறிக்கும் என்று பொது விதி இருக்கிறதே என்பது வாதம். எடுபடவில்லை. இங்கிலாந்தில் அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பெண் சொலிசிட்டர் ஆக முடியாது என்று தீர்ப்பாகியிருந்தது; கல்கத்தாவும் அதே தடத்தில் போனது. குஹா பள்ளித் தலைமை ஆசிரியையாகவே இருந்து, மூன்று ஆண்டுகளில் இறந்துபோனார். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஸ்ராவின் விண்ணப்பத்துக்கும் அதே கதி. இத்தனைக்கும் அவருக்குத் துணை நின்றவர் ஒரிஸாவின் பெரும் தலைவர் மதுசூதன் தாஸ்.

விசித்திரம் என்னவென்றால், பாட்னா மறுத்ததற்குச் சில மாதங்கள் முன்பு, 1921 ஆகஸ்டில், அலகாபாத் உயர் நீதிமன்றம் சொராப்ஜிக்குச் சன்னத்து கொடுத்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 54. ஒரே நாடு, ஒரே சட்டம், இரண்டு நீதிமன்றங்கள், இரண்டு விடைகள். ஹரி சிங் கௌர் மத்திய சட்டமன்றத்தில் இதை எழுப்பினார். 1923இல் சட்ட வழக்கறிஞர்கள் (பெண்கள்) சட்டம் வந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தடுக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். சென்னை உயர் நீதிமன்றத்தில் முதல் பெண் வக்கீலாக ஆனந்தாபாய் நுழைந்தது 1920களின் கடைசியில்.

கதவு திறந்தபின் என்ன நடந்தது என்பதற்கு மித்தன் டாட்டா நல்ல உதாரணம். 1923 ஜனவரியில் லண்டனில் பாரிஸ்டரானவர். பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் வக்கீல். அவரிடம் வந்த முதல் வழக்கைப் பற்றி ஒரு கதை உண்டு. கட்சிக்காரருக்குத் தம் வழக்கு ஜெயிக்கும் என்று நிச்சயமாகத் தெரியும். எதிராளி ஒரு பெண்ணிடம் தோற்ற அவமானத்தையும் சேர்த்து அனுபவிக்கட்டும் என்றுதான் இவரிடம் வந்தாராம்.

இப்போது நாவலுக்குத் திரும்பினால், எங்கே உண்மை, எங்கே கற்பனை என்று பிரிக்கலாம். 1921இல் பம்பாயில் பர்வீனைப் போல ஒரு பெண் சொலிசிட்டர் இல்லை, அது கற்பனை. ஆனால் ஆசிரியர் எல்லையை மீறவில்லை: பர்வீன் நீதிமன்றத்தில் வாதாடுவதில்லை. அப்பாவின் அலுவலகத்தில் பத்திரம் தயாரிக்கிறாள், கட்சிக்காரர்களைப் பார்க்கிறாள், வாதாடப் போகிறவர் அப்பா. துப்பறியும் கதையை நிறுத்திவிட்டு அவளுடைய கல்கத்தாத் திருமணத்துக்கு நாவல் மீண்டும் மீண்டும் போவது சில வாசகர்களின் பொறுமையைச் சோதிக்கும். கொலைகாரன் யார் என்று தெரிய அவசரப்படுகிறவர் அந்தப் பகுதிகளைப் புரட்டித் தள்ளிவிடக்கூடும். தள்ளினால் நஷ்டம். நாவலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஏனென்றால் அந்தப் பகுதியின் வில்லன், 1865ஆம் ஆண்டு பார்ஸித் திருமணச் சட்டம். அந்தச் சட்டப்படி பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று நகரங்களிலும் பார்ஸிகளுக்கென்று தனித் திருமண நீதிமன்றம் உண்டு. நீதிபதியோடு சமூகத்துப் பிரதிநிதிகள் பதினொரு பேர் ஜூரி போல உட்காருவார்கள். மனைவி தவறினால் கணவன் விவாகரத்து கேட்கலாம். கணவன் தவறினால்? அவன் போனது விலைமாதரிடம் என்றால், அது மட்டும் விவாகரத்துக்குக் காரணமாகாது. சட்டத்திலேயே அப்படி விலக்கு எழுதி வைத்திருந்தார்கள். ஆகவே படித்த, வசதியுள்ள, அப்பாவே வக்கீலாக இருக்கும் பர்வீனுக்கும் கிடைப்பது பிரிந்து வாழும் உரிமை மட்டும், விடுதலை இல்லை. மலபார் குன்றின் மூன்று விதவைகளைப் பார்க்கப் போகும்போது, தானும் ஒரு சட்டத்துக்குள் அடைபட்டவள் என்பது அவளுக்குத் தெரியும். அந்த விலக்கு 1936இல் வந்த புதிய பார்ஸிச் சட்டத்தில்தான் போனது. அந்தத் திருத்தப் பணியில் பங்கெடுத்தவர்களில் ஒருவர் மித்தன் லாம்.

நாவல் மென்மையாகத் தாண்டிச் செல்லும் ஒன்றும் உண்டு. பர்வீன் இக்கால வாசகருக்குப் பிடிக்கும்படியாகச் சிந்திக்கிறாள். சொராப்ஜி அப்படியில்லை. அவர் பிரிட்டிஷ் ஆட்சியின் பக்கம் நின்றவர். காந்தியின் இயக்கத்தை எதிர்த்தவர். இந்தியப் பெண்களின் நிலையைச் சாக்காக வைத்து நாட்டையே இழிவுபடுத்திய காதரின் மேயோவின் ‘மதர் இந்தியா’ 1927இல் வந்தபோது அதை ஆதரித்து எழுதினார். விளைவு, அவரோடு வேலை செய்த பெண்கள் அமைப்புகள்கூட விலகிப்போயின. கல்கத்தாவில் பாரிஸ்டராகத் தொழில் தொடங்கியும் பெரிதாக வழக்குகள் வரவில்லை, கருத்துரை எழுதிக்கொடுக்கும் வேலைதான் பெரும்பாலும். 1929இல் லண்டனுக்கே போய், 1954இல் அங்கே இறந்தார். விடுதலைக்குப் பின் நம் பாடப்புத்தகங்கள் அவரை மறந்ததற்கு இந்தப் பிரிட்டிஷ் ஆதரவே போதுமான காரணம். நியாயமான காரணமா என்பது வேறு.

துப்பறியும் கதையாக ‘தி விடோஸ் ஆஃப் மலபார் ஹில்’ நடுத்தரம்தான். சட்ட வரலாற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து காட்டும் கதையாக முதல் தரம். படிக்க நினைப்பவர்கள் கையோடு சொராப்ஜியின் ‘இந்தியா காலிங்’ நூலையும் தேடிப் படியுங்கள். நாவலை முதலில் முடித்துவிட்டு அதற்குப் போவது நல்லது. யானை வழக்கைப் படித்த பிறகு மலபார் குன்றின் கொலை சற்றுச் சாதாரணமாகத் தெரியும்.