வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் சொத்துரிமைச் சட்டம்: வரலாறு

புதுச்சேரியைச் சுற்றியுள்ள வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் (பிரெஞ்சு முறை உள்ளாட்சிப் பகுதிகளில்) ஒரு நிலத்தின் தாய்ப்பத்திரத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர், 1960களைத் தாண்டியதும் வேறொரு சட்டத்தின் ஆட்சிக்குள் வந்துவிடுகிறார். கிரயம், ஒத்தி, தானம், பாகப்பிரிவினை, உயில் எல்லாம் அங்கும் உண்டு. ஆனால் விற்ற நிலம் எப்போது கைமாறியது, தகப்பன் சொத்தில் மகனுக்கு என்ன உரிமை, சாட்சி இல்லாத உயில் செல்லுமா என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள் வேறு. இதைப் பற்றி இரண்டு கருத்துகள் நெடுநாளாக நிலவுகின்றன. பிரெஞ்சுச் சட்டம் கடற்கரையோர வெள்ளையர் தெருக்களோடு நின்றுவிட்டது, கிராமங்கள் தங்கள் வழக்கப்படியே நடந்தன என்பது ஒன்று. கிராமங்களுக்கும் அது வந்தது, ஆனால் இந்தியச் சட்டங்கள் வந்ததும் அடியோடு ஒழிந்தது என்பது மற்றொன்று. இரண்டுமே சான்றுகளுக்கு முன் நிற்கவில்லை. இந்த ஊர்களில் ஒரு பத்திரத்தின் பொருள், அது எழுதப்பட்ட நாளில் நடப்பில் இருந்த சட்டத்தைப் பொறுத்தது. அந்தச் சட்டமோ வழக்கம், நீதிமன்றம், அரசாணை மூன்றும் சேர்ந்து உருவாக்கியது.

இப்பகுதியின் மிகப் பழைய சொத்து ஆவணங்களில் ஒன்று, பாகூரில் 1879இல் கிடைத்த செப்பேடுகள். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் வழங்கப்பட்டதை அவை வடமொழியிலும் தமிழிலும் பதிவு செய்கின்றன. அங்கே கைமாறுவது தனியொருவர் விற்று வாங்கக்கூடிய மண் அன்று. ஊரின் வருவாயும் வரிவிலக்கும் அவற்றை அனுபவிக்கும் உரிமையும்தான். இன்று பத்திரங்களில் செக்குபந்தி என்று எழுதப்படும் நான்கெல்லை விவரம் அந்தச் செப்பேட்டிலும் உண்டு என்பது வியப்பைத் தரலாம். ஆனாலும், எல்லை சொல்லும் முறை தொடர்ந்ததை வைத்து உரிமையும் அப்படியே தொடர்ந்தது என்று கொள்ள இடமில்லை.

பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரையும் பாகூரையும் பெற்றுப் போர்களில் இழந்தார்கள். 1783 வெர்சாய் உடன்படிக்கை இவ்விரண்டையும் புதுச்சேரியின் சார்புப் பகுதிகளாகப் பெயர் சொல்லியே குறிக்கிறது. கைமாற்றங்களெல்லாம் ஓய்ந்து, 1816க்குப் பிறகுதான் பிரெஞ்சு ஆட்சி நிலைபெற்றது. அதற்கு முன் தமிழர் வழக்குகளை விசாரித்தது சாவடி நீதிமன்றம். அதன் 1766 முதல் 1817 வரையிலான தீர்ப்புகளை ழான்-குளோத் பொன்னான் தொகுத்து வெளியிட்டிருக்கிறார். 1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆணை, இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் ஆகிய இந்தியர்களின் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றும் உறுதி தந்தது. முதல் கருத்துக்காரர்கள் பிடித்துக்கொள்வது இந்த உறுதியைத்தான்.

ஆனால் வழக்கம் எது என்று சொன்னவர் யார்? ஐயம் எழுந்தால் கருத்துச் சொல்ல 1827இல் இந்தியச் சட்டவியல் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் கருத்துகளையும் தீர்ப்புகளையும் கொண்டு லெயோன் சோர்க் போன்ற நீதிபதிகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூல்கள் எழுதினார்கள். இப்படித் திரண்டு வந்த புதுச்சேரி இந்துச் சட்டத்தில், குடும்பச் சொத்துக்குத் தகப்பனே முழு உரிமையாளன். மகனுக்குப் பிறப்பால் வரும் பங்கு கிடையாது; தகப்பன் உயிரோடு இருக்கும்போது பாகம் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. எல்லைக்கு அப்பால் தென்னார்க்காட்டில், ஆங்கிலேயர் நீதிமன்றங்கள் மிதாட்சர முறையைப் பின்பற்றி, பிறந்த கணமே மகனுக்குப் பங்கு உண்டு என்றன. இந்தக் கொம்யூன்களின் நிலங்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடக்கின்றன. எல்லையின் இருபுறமும் ஒரே சாதியினர், பெண் கொடுத்து எடுக்கும் உறவினர். வழக்கம் மட்டுமே சட்டமாக இருந்திருந்தால் வரப்புக்கு இப்புறம் ஒரு முறையும் அப்புறம் ஒரு முறையும் இருந்திருக்க முடியாது. மாற்றியது ஆங்கில நீதிபதிகள்தாம், பிரெஞ்சுக்காரர்கள் உள்ளதை உள்ளபடி காத்தார்கள் என்று மறுக்கலாம். அந்த மறுப்பை ஏற்றாலும், வேறுபாடு பிறந்த இடம் நீதிமன்றம் என்ற முடிவு மாறாது. பாகூர் உழவன் வீட்டுப் பாகப்பிரிவினை வரை அந்த நீதிமன்றத்தின் கை நீண்டிருந்தது.

நிலத்தைப் பொறுத்தவரை மாற்றம் இன்னும் ஆழமானது. தீர்வை கட்டி நிலத்தை வைத்திருந்தவர்களை முழு உரிமையாளர்களாக ஏற்ற 1854 ஜனவரி ஆணைக்குப் பிறகுதான், இன்றைய பொருளில் விற்கவும் அடகு வைக்கவும் தகுந்த தனிச்சொத்து இங்கே உறுதிப்பட்டது. பிரெஞ்சு அளவையான எக்டேர், ஆர், சென்டியார் பட்டாவில் ஏறின. 100 குழி கொண்ட காணி ஏறத்தாழ 53.5 ஆர். பேச்சில் குழியும் காணியும் இருக்க, காகிதத்தில் ஆரும் சென்டியாரும் நின்றன.

கிரயத்தில் உள்ள வேறுபாடு நுட்பமானது, வழக்குகளில் விலை கொடுக்க வைப்பது. 1804 சிவில் தொகுப்பின் 1583ஆம் பிரிவுப்படி, பொருளும் விலையும் ஒத்துக்கொள்ளப்பட்டதுமே விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையில் உரிமை மாறிவிடும். பணம் தந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை, ஒப்படைத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்றாமவரைக் கட்டுப்படுத்தவே பதிவேட்டில் ஏற்றுவது தேவைப்பட்டது. இந்தியச் சொத்து மாற்றச் சட்டத்தின் 54ஆம் பிரிவோ, விற்பதாகச் செய்துகொண்ட உடன்படிக்கையால் நிலத்தில் எந்த உரிமையும் பிறக்காது என்கிறது. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலம் பதிவான பத்திரத்தால்தான் கைமாறும். ஆகவே 1930இல் எழுதிய காகிதம் ஒன்றை இன்றைய கண்ணால் வெறும் கிரய அச்சாரம் என்று ஒதுக்கினால், அன்றே முடிந்துபோன விற்பனையை ஒதுக்கியதாக ஆகலாம்.

பத்திரம் எழுதும் முறையிலும் இது தெரியும். பிரெஞ்சுக் காலத்தில் பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் அதிகாரியான நொத்தேர் முன்னிலையிலோ, தமிழ்ப் பத்திரங்கள் எழுதிய தபெல்லியோன் முன்னிலையிலோ எழுதிய ஆவணத்துக்குத் தனி வலு உண்டு. அது பொய் என்று தனி நடவடிக்கையில் நிறுவும்வரை அது சொன்னதே உண்மை. மூல ஆவணம் நொத்தேரின் கட்டில் தங்கிவிடும். கட்சிக்காரர் கைக்கு வருவது சான்றிட்ட நகல். தமிழ்நாட்டுப் பதிவு முறையில் மூலம் வாங்கியவரிடம், நகல் அலுவலகத்தில். வெளியூரிலிருந்து நிலம் வாங்க வருகிறவர் மூலப் பத்திரம் காணோமே என்று சந்தேகப்படுவதற்குக் காரணம் இதுதான். அந்தச் சந்தேகத்தால் நல்ல உரிமையுள்ள ஏழைக் குடும்பங்கள் விலையில் இழப்பது நியாயமில்லை. ஒத்திக்குப் பிரெஞ்சுத் தொகுப்பிலேயே ஏறத்தாழ நிகரான ஏற்பாடு இருந்தது: கடன் கொடுத்தவர் நிலத்தை அனுபவித்து விளைச்சலை வட்டியிலும் பிறகு முதலிலும் கழிப்பது, அதற்கு எழுத்து கட்டாயம். மீட்டுக்கொள்ளும் நிபந்தனையுடன் விற்பதற்கு 1660ஆம் பிரிவு 5 ஆண்டுக் கெடு வைத்தது. கெடு தப்பினால் நிலம் போனதுதான். இந்தியச் சட்டத்தில் அதே நிபந்தனை அதே பத்திரத்தில் இருந்தால், அதை அடமானமாகக் கொண்டு மீட்க இடமுண்டு.

ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சுத் தொகுப்பு கேட்டது சட்டத்துக்கு உட்பட்ட ஒரு காரணம். 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம் கேட்பது மறுபயன். தானத்துக்குப் பிரெஞ்சுத் தொகுப்பில் நொத்தேர் ஆவணம் கட்டாயம், இந்தியச் சொத்து மாற்றச் சட்டத்தில் பதிவும் இரண்டு சாட்சிகளும். தீங்குக்கு இழப்பீடு தரும் பொறுப்பை 1382 முதல் 1386 வரை ஐந்தே பிரிவுகளில் பிரெஞ்சுத் தொகுப்பு முடித்துவிட்டது. அடுத்தவர் பயிரை மாடு மேய்ந்தால், அது கட்டியிருந்ததா அவிழ்த்துக்கொண்டு ஓடியதா என்று பாராமல் உடையவரே பொறுப்பு என்றது 1385. இந்தியாவில் இத்துறைக்குத் தொகுத்த சட்டநூலே இல்லை. இந்தியச் சட்டங்கள் இங்கு வந்தபோது இத்துறையில் நீட்டித்துத் தருவதற்கு எதுவும் இருக்கவில்லை. தீர்ப்புகளிலிருந்தே அது இங்கு வந்து சேர்ந்தது.

உயிலில் இரு முறைகளும் நேருக்கு நேர் முரண்படும். பிரெஞ்சுத் தொகுப்பின் 970ஆம் பிரிவுப்படி ஒருவர் முழுவதையும் தம் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்திட்டால் போதும், சாட்சி வேண்டாம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு குறைந்தது இரண்டு சாட்சிகளைக் கேட்கிறது. மறுபக்கம், உயில் எழுதுகிறவரின் கையைப் பிரெஞ்சுத் தொகுப்பு கட்டியும் வைத்தது: ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் ஒன்று, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் ஒன்று மட்டுமே விருப்பப்படி கொடுக்கலாம். பிள்ளையை வெறுங்கையோடு விரட்ட முடியாத இந்த ஏற்பாடு, தகப்பனுக்குக் கட்டற்ற அதிகாரம் தந்த உள்ளூர் இந்து முறையைவிட மனிதத்தன்மை மிக்கது என்றே சொல்ல வேண்டும். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, தங்கள் சாதி வழக்கைத் துறந்து சிவில் தொகுப்பை ஏற்க இந்தியர்களுக்கு வழி திறந்தது. ஏற்றவர்கள் ரெனோன்சான் எனப்பட்டார்கள்; புதிய குடும்பப் பெயரும் சூடினார்கள். அந்த முயற்சிக்கு முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை லா போர்த் ஆனார். சேர்ந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும். சாதி வழக்கம் என்ற பாதுகாப்பு யாரைப் பாதுகாத்தது என்பதற்கு அவர்கள் எடுத்த முடிவே சான்று.

வில்லியனூர் பக்கம் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல். அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றத்தின் அதிகாரம் இங்கு வந்தது. 1963ஆம் ஆண்டு ஒழுங்குவிதியும் 1968ஆம் ஆண்டுச் சட்டமும் இந்தியச் சட்டங்களை நீட்டித்தன. இரண்டாம் கருத்துக்காரர்கள் இத்துடன் கதையை முடிப்பார்கள். நடைமுறை எளிமைக்காக அவர்கள் சொல்வது புரிகிறது: ஒரே சட்டம் என்றால் வழக்குச் செலவு குறையும். ஆனால் புதிய சட்டம் வருவதற்கு முன்பே ஒருவரிடம் சேர்ந்துவிட்ட உரிமையை நீட்டிப்பு அழிப்பதில்லை. 1950இல் இறந்த தகப்பனின் வாரிசுகள் யார் என்பதை அன்றைய சட்டம்தான் சொல்ல வேண்டும். எல்லை வேறுபாடும் ஓயவில்லை. கூட்டுக்குடும்பச் சொத்தில், அப்போது மணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமைப் பங்கு தந்த 1989 தமிழ்நாட்டுத் திருத்தம் கண்டமங்கலம் வரை வந்தது, அடுத்திருக்கும் வில்லியனூருக்கு வரவில்லை. இங்குள்ள மகள்கள் 2005இன் மத்தியத் திருத்தம் வரை காத்திருந்தார்கள்.

இந்து திருமணச் சட்டத்தையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் நீட்டித்தபோது, புதுச்சேரி ரெனோன்சான்களுக்கு அவை பொருந்தா என்று அந்தச் சட்டங்களிலேயே ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. அது இன்றும் நீடிக்கிறது. அந்தக் குடும்பங்களின் சந்ததியில் ஒருவர் பாகூரில் நிலம் விற்க வந்தால், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இந்தியச் சட்டப்படி பதிவாகும். அந்த நிலத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு என்பதை 1804ஆம் ஆண்டுத் தொகுப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.