ஐம்பதில் வளையும் வில்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' நாற்பதைத் தாண்டிய ஒருவர் பிடிலைக் கையில் எடுத்தால் முதலில் வந்து விழுவது இந்தப் பழமொழிதான். 'இந்த வயசுல இது எதுக்குய்யா?' என்பது அதன் பேச்சு வடிவம். அறிவுரை போலத் தோன்றும் இந்த வாக்கியத்துக்குள் ஒரு சொத்துரிமை ஒளிந்திருக்கிறது. ஐந்து வயதில் வளைய யாருக்கு வாய்த்தது? குருவும் வாத்தியமும் வீட்டிலேயே இருந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. மற்ற பிள்ளைகள் அந்த வயதில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிடில் தமிழ் மண்ணில் வேர்விட்ட கதையே இந்தப் பழமொழியைப் பொய்யாக்குகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி (1786-1858), பாட்டும் வீணையும் பழகிய பிறகுதான், மணலி முதலியார் ஆதரவில், சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் மூன்றாண்டுகள் பிடில் கற்றார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். இன்னொரு பக்கம் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, நட்டுவ மரபில் வந்தவர். 1834இல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தாலான பிடிலைப் பரிசளித்தார். இருவர் வீட்டிலும் பிடில் பரம்பரைச் சொத்தாக இருந்ததில்லை. ஆனால் இசை இருந்தது, புரவலர் இருந்தார். இதை மறந்துவிட்டு 'யார் வேண்டுமானாலும் கற்கலாம்' என்று பேசுவதும் இன்னொரு ஏமாற்றுத்தான்.

வாத்தியமும் இங்கே வந்து வளைந்துகொடுத்தது. ஐரோப்பாவில் நின்றுகொண்டு மோவாயில் அணைத்து வாசித்ததை நாம் சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது காலில் ஊன்றி வாசிக்கிறோம். தந்திகளை ச-ப-ச-ப என்று மாற்றிச் சுருதி கூட்டினோம். வீணைக்கு இருக்கிற மெட்டுகள் பிடிலுக்கு இல்லை. விரல் வழுக்கிப் போகலாம், கமகம் தடையில்லாமல் வரும். அதே காரணத்தால் புதிதாகக் கற்பவருக்கு ஒவ்வொரு சுரமும் இருட்டில் படி தேடுகிற வேலை. குழந்தை தன் அபசுரத்தைப் பொருட்படுத்தாது. பெரியவருக்குக் காது முன்னே ஓடுகிறது, கை பின்னே நொண்டுகிறது. நடுவில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கை நொண்டுவதற்குச் சாதகம் மருந்து. வெட்கம் சமூகம் தந்தது.

வில் என்றதும் கொல்லிமலை நினைவுக்கு வருகிறது. வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில் யாழும் முழவுமாக ஓர் இசைக்கூட்டமே நடந்து போகிறது. வேட்டையில் கிடைத்த ஊனையும் மலையின் பொன்னையும் அவன் அவர்களுக்குக் கொடுக்கிறான். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தபோது கொடை நின்றது. காலப்போக்கில் பாணர் நிலை தாழ்ந்தது, யாழும் வழக்கொழிந்தது. கையில் இருந்த கலை கைவிட்டுப் போவதற்கு வயதா காரணம்?

இந்த மலையின் பெயரில் ஒரு பண்ணும் உண்டு. கொல்லிப் பண்ணை ஓதுவார்கள் இன்று நவரோஜில் பாடுகிறார்கள். அப்பர் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் இந்தப் பண்ணில்தான் அமைந்தது. பெரியபுராணம் சொல்கிறபடி, சமணத்தில் தருமசேனராகப் பேரெடுத்து, சூலைநோயில் துடித்துத் திரும்பி வந்தவர் அவர். சமயச் சார்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: தமிழின் பெரிய பாடகர் ஒருவர், ஒரு வாழ்க்கையை வாழ்ந்து முடித்த பிறகே பாடத் தொடங்கியிருக்கிறார்.

இன்று மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் வயலின் படிப்பு மூன்றாண்டு. பாலுசுவாமி கற்றதும் மூன்றாண்டுதான். ஆனால் சேர்க்கை அறிவிப்புகள் 12 முதல் 25 வயது வரை என்று கோடு கிழிக்கின்றன. மிளகுக்கும் காப்பிக்கும் கூலி வேலை பார்த்துப் பிள்ளைகளை ஆளாக்கிய கொல்லிமலைப் பெண்ணுக்கு ஓய்வு கிடைப்பதே அந்தக் கோட்டுக்கு அப்பால்தான். அவள் மேடை கேட்கவில்லை. சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்கிறாள். பழமொழி சட்டமாகிவிட்ட இடம் இது. நாம் தட்ட வேண்டிய கதவும் இதுதான்.