பந்தயத் தட ஓட்டத்திற்கான பிரேக் வட்டு மேம்பாடு

பந்தயத் தட ஓட்டத்திற்கான பிரேக் வட்டு மேம்பாடு என்பது, சாலைப் பயன்பாட்டுக்கென அமைந்த விளையாட்டுத் தானுந்து ஒன்றின் பிரேக் வட்டுகளை நீக்கி, பந்தயத் தடத்தில் உண்டாகும் மிகை வெப்பத்தைத் தாங்கக்கூடிய வட்டுகளைப் பொருத்துவதைக் குறிக்கும். பிரேக் வட்டு என்பது சக்கரத்துடன் சேர்ந்து சுழலும் தட்டு ஆகும். டிஸ்க், ரோட்டர் என்னும் பெயர்களாலும் இது அழைக்கப்படுகின்றது. காலிப்பர் எனப்படும் பிடிப்பான், இருபுறமும் உள்ள உராய்வுப் பட்டைகளை இத்தட்டின் மீது அழுத்துவதால் வண்டியின் வேகம் குறைகின்றது.

உரிமையாளர்கள் கட்டணம் செலுத்தித் தமது சொந்த வண்டிகளைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நிகழ்வு "தட நாள்" (டிராக் டே) எனப்படும். இது போட்டி அன்று. எனினும் பிரேக்குகளைப் பொறுத்தவரை, தட நாளுக்கும் பந்தயத்துக்கும் இடையே வேறுபாடு அதிகமில்லை.

பெரிய வட்டு வண்டியை விரைவில் நிறுத்தும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது பெரும்பாலும் தவறானது. நல்ல நிலையில் உள்ள தற்காலத் தானுந்தின் பிரேக்குகள், சக்கரத்தைச் சுழலவிடாமல் பூட்டும் அளவு வலிமை கொண்டவை. அதற்குமேல் நிறுத்தும் தொலைவைத் தீர்மானிப்பது டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிப்பே ஆகும். வட்டின் தரம் முதல் அழுத்தத்தில் தெரிவதில்லை. இருபதாவது அழுத்தத்திலேயே தெரிய வருகின்றது.

வெப்பமும் வட்டின் நிறையும்

பிரேக் என்பது இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவி. 1,500 கிகி நிறையுள்ள தானுந்து ஒன்று மணிக்கு 200 கிமீ வேகத்திலிருந்து 100 கிமீ வேகத்துக்குக் குறையும்போது ஏறத்தாழ 17 இலட்சம் ஜூல் ஆற்றலை இழக்கின்றது. வேகம் பாதியாகக் குறைந்தபோதும், இழக்கப்படுவது முதலில் இருந்த ஆற்றலின் முக்கால் பங்கு என்பது கவனிக்கத்தக்கது. இதில் 70 விழுக்காட்டை முன் சக்கரங்கள் ஏற்பதாகக் கொண்டால், முன் வட்டு ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 இலட்சம் ஜூல் கிடைக்கும். இரண்டு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதுமானது. வட்டு இவ்வெப்பத்தைப் பெறுவதோ சுமார் மூன்று நொடிகளில்.

10 கிகி நிறையுள்ள வார்ப்பிரும்பு வட்டின் வெப்பநிலை இதனால் ஏறத்தாழ 120 °செ உயரும். வட்டு 8 கிகி மட்டுமே இருந்தால் உயர்வு 150 °செ. சாலையில் அடுத்த அழுத்தத்துக்கு முன் வட்டு குளிர்ந்துவிடும். தடத்திலோ அடுத்த வளைவு அதற்குள் வந்துவிடுகின்றது. ஒவ்வொரு சுற்றிலும் பெறும் வெப்பமும் காற்றுக்கு இழக்கும் வெப்பமும் சமமாகும் வரை வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். எனவே, வட்டு மேம்பாட்டின் உண்மையான நோக்கம் இரண்டு: ஒவ்வொரு அழுத்தத்திலும் வெப்பநிலை குறைவாக உயர வேண்டும், அடுத்த அழுத்தத்துக்குள் வெப்பம் கூடுதலாக வெளியேற வேண்டும்.

இவ்விரண்டும் நடவாதபோது பிரேக் இரண்டு வகையில் கைவிடுகின்றது. உராய்வுப் பட்டை அதன் வெப்ப எல்லையைத் தாண்டினால், மிதி உறுதியாகவே இருக்கும்; ஆனால் வண்டி வேகம் குறையாது. பிரேக் ஆயில் கொதித்தால் அதில் ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதி தரைவரை அமிழ்ந்துவிடும். இரண்டாவது வகை முன்னறிவிப்பின்றி நேரக்கூடியது என்பதால் மிகவும் ஆபத்தானது. டாட் 4 வகை ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தளவு கொதிநிலை, புதியதாக இருக்கும்போது 230 °செ. ஈரத்தை உறிஞ்சிய பின் 155 °செ மட்டுமே. ஆகவே, புதிய ஆயிலும் தடத்துக்கேற்ற பட்டைகளும் வட்டுக்கு முன்பே மாற்றப்பட வேண்டியவை. இவற்றை விட்டுவிட்டு வட்டுக்கு மட்டும் செலவிடுவது வீண்.

வரலாறு

இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த பொறியாளர் பிரெடரிக் லான்செஸ்டர் 1902 இல் வட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். இருப்பினும் அடுத்த அரை நூற்றாண்டுக்குத் தானுந்துகளில் உருளை வடிவ டிரம் பிரேக்கே வழங்கி வந்தது. சூடாகும்போது டிரம் விரிந்து, உள்ளிருக்கும் பட்டைகளை விட்டு விலகிச் செல்லும். வட்டோ தடித்துப் பட்டைகளை நோக்கி வரும். 1953 ஆம் ஆண்டின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக்குகள் பொருத்திய ஜாகுவார் சி-டைப் தானுந்தை ஓட்டி டோனி ரோல்ட், டங்கன் ஹாமில்டன் ஆகியோர் வெற்றி பெற்றனர். நீண்ட நேர்த்தடத்தின் முடிவில் போட்டியாளர்களைவிடத் தாமதமாகப் பிரேக்கை அழுத்த அவர்களால் முடிந்தது. 1955 இல் வெளிவந்த சிட்ரோயன் டிஎஸ் இத்தொழில்நுட்பத்தைப் பெருமளவில் விற்பனையான தானுந்துக்குக் கொண்டுவந்தது.

வட்டு வகைகள்

திண்ம வட்டு ஒரே தட்டாக அமைந்தது. காற்றோட்ட வட்டில் இரு தட்டுகளுக்கு இடையே இறக்கைகள் உள்ளன. சுழலும்போது இவை மின்விசிறி போல் இயங்கி, மையத்திலிருந்து காற்றை இழுத்து வெளிவிளிம்பு வழியே தள்ளுகின்றன. வளைந்த இறக்கைகள் கொண்ட வட்டுகளில் இடப்புறத்துக்கும் வலப்புறத்துக்கும் தனித்தனி வட்டுகள் உண்டு. இறக்கைகள் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். மேற்பரப்பில் தெரியும் வரிப்பள்ளங்களைப் பார்த்துத் திசையை முடிவு செய்வதால் மாற்றிப் பொருத்திவிடுவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

துளையிட்ட வட்டுகள், பட்டையிலிருந்து வெளிப்படும் வளிமமும் மழைநீரும் வெளியேற உதவுகின்றன. நிறையும் சற்றுக் குறைகின்றது. ஆனால் திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிரும்போது, துளைகளின் விளிம்பிலிருந்து விரிசல்கள் தொடங்குகின்றன. பார்வைக்கு அழகாக இருப்பதே இவற்றை இன்றும் பலர் நாடுவதற்குக் காரணம் எனலாம். வரிப்பள்ளமிட்ட வட்டுகள் பட்டையின் மேற்பரப்பைத் தொடர்ந்து சுரண்டிப் புதுப்பிக்கின்றன, விரிசல் குறைவு. இதற்கு விலையாகப் பட்டை விரைவில் தேயும், சிறிது இரைச்சலும் எழும்.

இரு பகுதி வட்டில் வார்ப்பிரும்பு வளையமும் அலுமினிய நடுப்பகுதியும் தனித்தனியே செய்யப்பட்டு, சற்றே அசைய இடம் தரும் இணைப்புகளால் பிணைக்கப்படுகின்றன. 330 மிமீ விட்டமுள்ள வளையம் 500 °செ கூடுதலாகச் சூடானால் அதன் விட்டம் ஏறத்தாழ 1.8 மிமீ வளரும். ஒரே வார்ப்பாக உள்ள வட்டில் நடுப்பகுதி இவ்விரிவைத் தடுப்பதால், வட்டு கூம்பு வடிவில் வளைகின்றது. இரு பகுதி வட்டில் வளையம் தடையின்றி விரிகின்றது. தேய்ந்தபின் வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் பயனே.

கார்பன்-செராமிக் வட்டுகள்: போர்ஷே 911 ஜிடி3

கரிம இழைகளால் வலுவூட்டப்பட்ட சிலிக்கன் கார்பைடால் ஆன வட்டுகளை போர்ஷே நிறுவனம் 2001 இல் 911 ஜிடி2 தானுந்தில் அளித்தது. ஒத்த வார்ப்பிரும்பு வட்டின் நிறையில் இவை ஏறத்தாழப் பாதியே. 2013 இல் அறிமுகமான 911 ஜிடி3 இன் முன் வார்ப்பிரும்பு வட்டின் விட்டம் 380 மிமீ. கூடுதல் விலைக்குக் கிடைத்த செராமிக் வட்டின் விட்டம் 410 மிமீ.

சாலையில் செராமிக் வட்டு மிக நீண்ட காலம் உழைக்கும். தடத்தில் கதை வேறு. உயர் வெப்பநிலையில் அதிலுள்ள கரிமம் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து எரிந்து குறைகின்றது. தடிமன் மாறாமலேயே இவ்விழப்பு நேர்வதால், வட்டைக் கழற்றி எடைபோட்டே தேய்மானம் அறியப்படுகின்றது. குறைந்தளவு நிறை வட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது பட்டால் விளிம்பு சிதறவும் கூடும். மாற்று வட்டின் விலை மிக அதிகம் என்பதால், அடிக்கடித் தடத்துக்குச் செல்லும் உரிமையாளர் பலர் செராமிக் வட்டுகளைக் கழற்றிப் பாதுகாத்துவிட்டு, வரிப்பள்ளமிட்ட இரு பகுதி வார்ப்பிரும்பு வட்டுகளைப் பொருத்துகின்றனர். இதே குடும்பத்தைச் சேர்ந்த பந்தய வண்டியான 911 ஜிடி3 கப், துளையில்லாத, வரிப்பள்ளமிட்ட 380 மிமீ வட்டுகளையே கொண்டுள்ளது.

அளவு மாற்றத்தின் விளைவுகள்

பட்டையின் அகலம் 50 மிமீ ஆக இருக்கையில் வட்டின் விட்டம் 300 மிமீ இலிருந்து 350 மிமீ ஆக உயர்ந்தால், பயனுறு ஆரம் 125 மிமீ இலிருந்து 150 மிமீ ஆகும். காலிப்பரின் அழுத்தம் மாறாதபோதும் முறுக்குவிசை 20 விழுக்காடு கூடும். முன் சக்கரங்களில் மட்டும் இம்மாற்றத்தைச் செய்தால் முன்–பின் சமநிலை குலைந்து, பின் டயர்களின் பிடிப்பு முழுமையாகப் பயன்படாமல், நிறுத்தும் தொலைவு நீளவும் வாய்ப்புண்டு. அதனால் விட்டத்தைக் கூட்டாமல், தடிமனும் காற்றோட்டமும் மிகுந்த வட்டைத் தேர்வது பல வண்டிகளுக்குப் பொருத்தமானது. முகப்பிலிருந்து குழாய் வழியே வட்டின் மையத்துக்குக் காற்றைக் கொண்டுசெல்வது இதைவிடவும் மலிவான வழி. வட்டின் ஒரு முகத்தில் மட்டும் காற்று படும்படி குழாயை அமைத்தல் கூடாது.

பொருத்துதலும் பராமரிப்பும்

புதிய வட்டைப் பொருத்துமுன் சக்கரக் குடத்தின் துரு முற்றிலும் நீக்கப்பட வேண்டும். பின்னர், மிதமான வேகத்திலிருந்து பலமுறை பிரேக்கை அழுத்தி, பட்டைப் பொருளின் மெல்லிய படலம் வட்டின் மீது சீராகப் படியச் செய்வர். இப்படலம் சீரற்றுப் படிந்தால் மிதியில் அதிர்வு தோன்றும். இதை "வட்டு வளைந்துவிட்டது" என்று பலரும் கருதுகின்றனர். பெரும்பாலான நேரங்களில் வட்டு வளைந்திருப்பதில்லை என்பதை அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் வலியுறுத்தினார்.

ஓட்டத்தின் கடைசிச் சுற்றைப் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி வட்டுகளைக் குளிரவிடுவதும், நிறுத்தியபின் கைபிரேக் போடாதிருப்பதும் வழக்கம். மேற்பரப்பில் மயிரிழை போன்ற விரிசல்கள் இயல்பானவை. அவை வெளிவிளிம்பை எட்டினாலோ, இரு துளைகளை இணைத்தாலோ வட்டை உடனே மாற்ற வேண்டும். வட்டில் பொறிக்கப்பட்டுள்ள குறைந்தளவுத் தடிமனும் அத்தகைய எல்லையே.

சட்ட நிலை

ஜெர்மனியில் சாலை வண்டியின் பிரேக் பாகங்களை மாற்றுவதற்கு உரிய அனுமதிச் சான்று தேவை. 20.8 கிமீ நீளமுள்ள நூர்பர்க்ரிங் வடக்குத் தடம் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் வேளைகளில் சுங்கச் சாலையாகக் கருதப்பட்டு, அங்கு சாலைப் போக்குவரத்து விதிகள் நடைமுறையில் இருக்கின்றன. எனவே, சான்றில்லாத வட்டுகளைப் பொருத்திய வண்டியை அத்தடத்திலும் அவ்வேளைகளில் ஓட்ட முடியாது.