மனநலக் காரணத்தால் படைவிலக்கம்: இந்திய மேல்முறையீட்டு வழி

மனநோய் காரணமாகப் பணிக்காலம் முடியும் முன்பே இந்தியப் படையிலிருந்து அனுப்பப்பட்டவர் அந்த முடிவையோ, அதற்கு எழுதப்பட்ட காரணத்தையோ எதிர்த்து நாடும் சட்ட வழி. பட்டாளக்காரர் பேச்சில் இப்படி வெளியேறுவதற்கு ‘போர்டு அவுட்’ என்று பெயர்.

முதலில் ஓர் ஒப்பீடு. அமெரிக்காவில் டிடி-214 என்ற விடுவிப்புச் சான்றிதழில் மறுசேர்ப்புக் குறியீடு இருக்கும். ஆர்.இ.-1 என்றால் மீண்டும் சேரலாம், ஆர்.இ.-3 என்றால் தனி விலக்கு வாங்க வேண்டும், ஆர்.இ.-4 என்றால் பொதுவாகச் சேர முடியாது. இதை மாற்றித் தரும்படி படைப் பதிவுகள் திருத்த வாரியத்திடம் கேட்கலாம். போர் அதிர்ச்சியால் மனம் பாதிக்கப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க 2014இல் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல் உத்தரவிட்டார். 2017இல் அது மற்ற மனநலக் கோளாறுகளுக்கும் விரிந்தது. இந்தியாவில் இப்படியொரு குறியீடு இல்லை. இங்கே வழக்குகள் பெரும்பாலும் திரும்பிப் போவதைப் பற்றியவை அல்ல. மருத்துவ வாரியம் எழுதும் ஒரு வரியைப் பற்றியவை: நோய் பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல.

அந்த வரிக்கு ஏன் இவ்வளவு கனம்? பணியோடு தொடர்பு உண்டு என்று ஏற்றால்தான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்கும். இல்லையென்றால் அதைவிடக் குறைந்த இயலாமை ஓய்வூதியமோ, ஒருமுறை தரும் பணிக்கொடையோதான். மருத்துவக் காரணத்தால் விடுவிக்கப்பட்டவர் ‘முன்னாள் படைவீரர்’ என்ற வரையறைக்குள் வருவதும், அதை ஒட்டிய வேலை இடஒதுக்கீடும்கூட இந்த ஓய்வூதியத்தையே சார்ந்திருக்கின்றன. உடம்பு ஊனம் என்றால் ஊர் அனுதாபப்படும். ‘பைத்தியம்’ என்று திரும்பி வந்தவனுக்கு அதுவும் இல்லை என்பதால் காகிதத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

படையில் உடல்தகுதியை ‘ஷேப்’ என்ற ஐந்து எழுத்துகளால் குறிப்பார்கள். முதல் எழுத்தான ‘எஸ்’ மனநிலைக்கு உரியது. எஸ்-1 முழுத் தகுதி, எஸ்-5 பணிக்கே தகுதியின்மை. மனநல மருத்துவரிடம் அனுப்பப்படும் சிப்பாயைப் பற்றி அவருடைய கட்டளை அதிகாரி ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்.-10 என்ற படிவத்தில் அறிக்கை தர வேண்டும். வேலை எப்படி, நடத்தை எப்படி என்பதெல்லாம் அதில் வரும். மருத்துவமனையில் சில வாரங்களே இருந்த ஒருவரை மருத்துவர் எடைபோட இந்தத் தாள் பெரிய ஆதாரம் ஆகிவிடுகிறது. அதிகாரியோடு சிப்பாய்க்கு மனக்கசப்பு இருந்திருந்தால் அதன் நிழல் அறிக்கையில் விழாது என்று சொல்வதற்கில்லை. மேல்முறையீடு செய்பவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தப் படிவத்தையும், மருத்துவ வாரிய நடவடிக்கைகளின் நகலையும்தான்.

சட்டம் சிப்பாய்க்கு ஓரளவு சாதகமாகவே இருக்கிறது. சேரும்போது நோய் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும், மறுப்பதாக இருந்தால் நிரூபிக்கும் பாரம் அரசுடையது, மருத்துவ வாரியம் காரணம் எழுத வேண்டும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது வலிப்பு நோய் வழக்கு. அதே ஆண்டின் வீர்பால் சிங் வழக்குதான் மனநோய்க்கு நேரடியானது. 1972இல் சேர்ந்து 1977இல் ‘மனச்சிதைவு’ என்று அனுப்பப்பட்டவர் அவர். எரிச்சல், சண்டை போடும் குணம் போன்ற சில சொற்களை வைத்து இவ்வளவு பெரிய நோயை எப்படி முடிவு செய்தார்கள் என்று நீதிமன்றம் கேட்டு, மறுஆய்வு மருத்துவ வாரியத்துக்கு உத்தரவிட்டது. இதற்கு 36 ஆண்டு ஆனது. 2025 மே மாதம் ராஜுமோன் வழக்கிலும், காரணம் எழுதாத வாரியக் கருத்தை வைத்து மனச்சிதைவுக்கு ஓய்வூதியம் மறுக்க முடியாது என்றே தீர்ப்பு வந்தது. 2014இன் சுக்விந்தர் சிங் தீர்ப்பு இன்னொரு முட்டுக்கட்டையை நீக்கியது: பணியை விட்டே அனுப்பும் அளவுக்கு ஊனம் இருந்தால் அது ஓய்வூதியத்துக்கு வேண்டிய 20 விழுக்காட்டுக்கு மேல் என்றே கொள்ள வேண்டும்.

வழி இப்படிப் போகும். கோரிக்கை மறுக்கப்பட்ட கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழு, பிறகு இரண்டாம் குழு. அங்கும் கைவிரித்தால், 2007 சட்டத்தின்படி அமைந்து 2009 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய ஆயுதப்படைத் தீர்ப்பாயம். காலக்கெடு தாண்டிவிட்டது என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள், அது தேவையில்லை. ஓய்வூதிய மறுப்பு மாதாமாதம் தொடரும் தவறு என்பதால் மனு செல்லும். ஆனால் நிலுவை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குத்தான் என்பது 2008இன் தர்செம் சிங் தீர்ப்பு. தீர்ப்பாயத்துக்குப் பின் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2023இல் தெளிவாக்கியது.

குமரி மாவட்டத்துக்காரருக்கு இதில் ஒரு விசித்திரம். கீரிப்பாறையின் ரப்பர் தோட்டங்களிலிருந்து தடிக்காரன்கோணம் வழியாக நாகர்கோவிலுக்கு இறங்கினால், தீர்ப்பாயத்தின் கொச்சி அமர்வு சென்னையைவிட மிக அருகில். ஆனால் பணி முடிந்தவர் குடியிருப்பை வைத்து மனுச் செய்தால், அது அந்த மாநிலத்துக்கான அமர்வுக்குத்தான் போகும், தமிழ்நாட்டுக்கு அது சென்னை. 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்ததன் விளைவு இங்கேயும் வந்து நிற்கிறது. மனு தயாரிக்க நாகர்கோவிலிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவையும் அணுகலாம்.

2022இல் தொடங்கிய அக்னிவீர் முறையில் சேர்ந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஓய்வூதியமே இல்லை. பணியால் வந்த ஊனம் 100, 75, 50 விழுக்காடு என்ற அளவுகளுக்கு ஏற்ப 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒருமுறை தரப்படும். நோய் பணியால் வந்ததா என்ற அதே கேள்வி அங்கும் உண்டு, பதில் ‘இல்லை’ என்றால் இந்தத் தொகையும் கிடையாது.