அரை நாள் பள்ளிக்கூடம்

உத்திரமேரூர் என்றால் குடவோலை என்று சொல்லி முடித்துவிடுவது நமக்குப் பழக்கமாகிவிட்டது. வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரைப் பார்க்க வருகிறவர்கள், அமைச்சரானாலும் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளானாலும், ஜனநாயகம் இங்கேதான் பிறந்தது என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 2020 டிசம்பரில் டில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் இந்தச் சுவர் பேச்சில் வந்தது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்பது வேறு விஷயம்.

முதல் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு. 919ல் ஒன்று, அதைத் திருத்தி 921ல் இன்னொன்று. ஊர் முப்பது குடும்பாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒருவன் பெயர் ஓலையில் எழுதப்பட வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் அவனுக்கு இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். வேதத்தைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்குமளவுக்குக் கற்றிருக்க வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவனும் அவன் உறவினர்களும் கூடாது. இந்தக் கடைசி விதியைத்தான் நம் மேடைகளில் ரசித்துச் சொல்வார்கள். எனக்கு எப்போதும் கண்ணில் படுவது வேறொன்று. அரைக்கால் வேலி மட்டுமே உள்ளவனும் தகுதி பெறலாம், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்று விளக்கத் தெரிந்திருந்தால். அதாவது, அரைக்கால் வேலி நிலமும் அந்தப் படிப்பும் சேர்ந்தால் கால் வேலி. கல்வி இன்ன விலைக்கு நிலத்துக்கு மாற்று என்று ஒரு சபை கணக்குப் போட்டுக் கல்லில் வெட்டி வைத்தது வேறெங்காவது உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஊர் சதுர்வேதிமங்கலம். உழுதவனும் நெய்தவனும் இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

இன்னொரு கல்லையும் சொல்லிவிட வேண்டும். வடக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம் திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்து, பதினோராம் நூற்றாண்டு, நீளமான சாசனம் ஒன்று இருக்கிறது. வேதமும் வியாகரணமும் படிக்கும் மாணாக்கர்கள், அவர்களுக்குச் சோறு, படுக்கப் பாய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய், சனிக்கிழமை தோறும் தலைக்குத் தேய்க்க எண்ணெய், நோய் வந்தால் பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை, அதற்கு வைத்தியன், சல்லியக்கிரியை செய்பவன், மருந்துகளின் பட்டியல். ஒரு பிள்ளை படிக்க வேண்டுமானால் அவன் வயிறும் தலையும் கண்ணும் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும் என்று ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் தெரிந்திருக்கிறது. யாருடைய பிள்ளை என்பதுதான் கேள்வியாக இருந்தது.

பிறகு வெகு காலத்துக்கு நமக்கு எண்ணிக்கைகள் இல்லை. 1822ல் கவர்னர் தாமஸ் மன்றோ கலெக்டர்களுக்கு உத்தரவு போட்டு, திண்ணைப் பள்ளிகளையும் பிள்ளைகளையும் சாதிவாரியாக எண்ணச் சொன்னார். 1826ல் அவர் தொகுத்த கணக்கு: ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள், ஜனத்தொகை ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சத்துச் சொச்சம். தரம்பால் 1983ல் இந்த அறிக்கைகளைத் திரட்டி வெளியிட்டபோது பலருக்கு அதிர்ச்சி. செங்கல்பட்டு உள்ளிட்ட தமிழ் ஜில்லாக்களில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் 'சூத்திரர்', 'பிற சாதியார்' என்ற தலைப்புகளின் கீழ் வருகிறார்கள். இதை வைத்துக்கொண்டு பழைய பொற்காலம் ஒன்றைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் ஏறக்குறைய இல்லை என்பதையும், வாத்தியார் மாசம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்று அதே மன்றோ எழுதியதையும் அவர்கள் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். தாலுகாவுக்குத் தாலுகா பள்ளி என்று மன்றோ போட்ட திட்டம், 1827ல் அவர் காலராவில் இறந்த பிறகு மெல்ல மெல்லக் கரைந்தது.

ஒன்றை இங்கே செருகுகிறேன். திண்ணைப் பள்ளியில் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவான். அவன் சட்டாம்பிள்ளை. சென்னையில் அனாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மாதிரி முறையை எடுத்துக்கொண்டுபோய் 1797ல் இங்கிலாந்தில் புத்தகம் போட்டார். அங்கே அது 'மெட்ராஸ் முறை' என்று பேர் வாங்கி ஏழைகளின் பள்ளிகளில் பரவியது. பரவியதற்குப் பெரிய காரணம் அது மலிவு என்பது. ஒரு வாத்தியாரை வைத்துக்கொண்டு நூறு பிள்ளைகளைக் கட்டி மேய்க்கலாம். ஏழைகளுக்கான கல்வி என்றதும் ஆட்சியாளர்கள் மனதில் முதலில் ஓடுவது வாத்தியார் எண்ணிக்கைக் கணக்குதான். அது எந்தக் கண்டமானாலும் சரி.

அந்தக் கணக்கு என் வாழ்க்கையிலும் குறுக்கே வந்தது. 1953ல் நான் மூன்றாம் வகுப்பு. உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஒரு கிராமம். சுவர் மூன்றரைப் பக்கம் உள்ள பள்ளிக்கூடம், இரண்டு வாத்தியார்கள். அந்த வருஷம் பள்ளி திறந்ததும் பெரிய வாத்தியார் எங்களை இரண்டு கோஷ்டியாகப் பிரித்தார். ஒரு கோஷ்டிக்குக் காலையில் மூன்று மணி நேரம், மற்றதற்கு மதியத்துக்கு மேல் மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பையன்கள் தகப்பனாரின் தொழிலைக் கற்க வேண்டும், பெண்கள் வீட்டு வேலை கற்க வேண்டும். ராஜாஜி கொண்டுவந்த திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் இதுதான். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். அந்தப் பெயர்தான் நின்றது.

திட்டத்தின் தர்க்கத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1951 கணக்கில் தமிழ்நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தோரு பேர். வாத்தியார் சம்பளத்துக்குப் பணம் இல்லை. அதே வாத்தியார், அதே கட்டிடம், ஒன்றுக்கு இரண்டு மடங்கு பிள்ளைகள். காந்தியின் வார்தா திட்டத்தின் சாயல் இதில் உண்டு என்று சிலர் சொன்னார்கள். அது சரியல்ல. வார்தாவில் கைத்தொழில் பள்ளிக்குள்ளே, எல்லாப் பிள்ளைக்கும், பாடமாக. இங்கே தொழில் பள்ளிக்கு வெளியே, அவனவன் வீட்டில், அவனவன் அப்பனிடம். இந்த ஒரு வித்தியாசத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. திட்டம் கிராமங்களுக்கு மட்டும் என்பது இன்னொன்று. காஞ்சிபுரம் நகராட்சிப் பள்ளியில் படித்த வக்கீல் மகன் சாயந்திரம் அப்பாவிடம் வக்கீல் தொழில் கற்க அனுப்பப்படவில்லை.

வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது நினைவிருக்கிறது. அப்பா மாட்டுக் கொட்டகைப் பக்கம் நின்றுகொண்டே கேட்டார். "என் தொழில் இன்னா அய்யா? ஏர் அவுங்களுது. மாடு அவுங்களுது. கையி மட்டுந்தான் என்னுது. அத்த இவனுக்கு இன்னான்னு கத்துக் குடுக்கிறது?" வாத்தியார் பதில் சொல்லவில்லை. அவரும் அதே சுற்றறிக்கையின் கீழ் நாளைக்கு ஆறு மணி நேரம் கத்திக்கொண்டிருந்த மனுஷர். நான் மதியங்களில் அடுத்தவர் மாடு மேய்த்தேன். அதுதான் என் குலத்தொழிற்கல்வி.

சட்டசபையில் நடந்தது தெரிந்த கதை. 1953 ஜூலைக் கடைசியில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. சபாநாயகர் எதிர்த்து ஓட்டுப் போட்டதால் தோற்றது. நிபுணர் குழு வைக்க வேண்டும் என்ற தீர்மானம் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் வென்றது. பருலேகர் குழு வந்தது. திட்டம் நல்லது என்றே எழுதிக் கொடுத்தது. அதே ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டம். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றி ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜ் முதலமைச்சர். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவித்தவர் சி. சுப்பிரமணியம். ராஜாஜி மந்திரிசபையில் இருந்து அதை ஆதரித்துப் பேசியவரும் அவரே. நம் அரசியலில் இப்படிப்பட்ட வளைவுகள் அபூர்வமில்லை.

குலக்கல்வி என்ற பெயர் நியாயமானதே என்பது என் எண்ணம். அதை வைத்தவர்கள் திட்டத்தின் வேரைத் தொட்டார்கள். ஆனால் அறுபது, எழுபது வருஷமாக என்னால் தாண்ட முடியாத ஒரு சங்கடமும் உண்டு.

எங்கள் தெருவில் என் வயதுப் பையன் ஒருவன். அதற்குமுன் பள்ளிக்கே வந்ததில்லை. அவன் அப்பா, ஒரு வீட்டு மாடுகளை வருஷக் கூலிக்குப் பிள்ளையை விட்டு மேய்த்துக்கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். அரை நாள் பள்ளி வந்ததும், காலையில் அவன் தங்கச்சி மாட்டைப் பார்த்துக்கொள்ள, இவன் காலைக் கோஷ்டியில் வந்து உட்கார்ந்தான். ஒரே வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தான். கணக்கில் என்னை மிஞ்சினான். மாடுகளை எண்ணிப் பழகிய கை. 1954 ஜூனில், நியாயம் வென்று, முழு நாள் பள்ளி திரும்பி வந்தது. முழு நாளுக்கு அவனை யாரும் விடவில்லை. அவன் படிப்பு அந்த ஒரு வருஷத்தோடு சரி. பருலேகர் குழு எந்தப் பையனை மனதில் வைத்து எழுதியதோ அந்தப் பையன் நிஜமாகவே இருந்தான் என்பதை நான் எந்த மேடையிலும் சொன்னதில்லை. சொன்னால் யாருக்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியும்.

அதற்காக, திட்டம் இருந்திருக்கலாம் என்றும் நான் சொல்லப் போவதில்லை. அரை நாள் கொடுத்தது அவன் வறுமையை அப்படியே வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றமாதிரி பள்ளியை வெட்டியது. அவன் ஏன் மாடு மேய்க்கிறான் என்று அது கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் பக்கத்து மனுஷர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நெ.து. சுந்தரவடிவேலு காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் 1912ல் பிறந்தவர். காமராஜ் ஆட்சியில் கல்வித்துறை இயக்குநர். ஊருக்கு ஊர் ஓராசிரியர் பள்ளி, இலவசக் கல்வி, ஊர்க்காரர்களே பள்ளிக்குக் கூரையும் பெஞ்சும் கடிகாரமும் வாங்கித் தரும் சீரமைப்பு மாநாடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக மதிய உணவு. 1956ல் ஊரார் நன்கொடையில் தொடங்கி, 1957 வாக்கில் சர்க்கார் செலவில் ஆறு பங்கும் ஊர் நான்கு பங்கும் என்று ஆனது. எங்கள் ஊரில் நான்கு பங்கு என்பது வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. அறுவடை மாசத்தில் சோறு கெட்டியாக இருக்கும். ஆடியில் கஞ்சி.

திருமுக்கூடல் சாசனத்தைப் பின்னாளில் நான் படித்தபோது ஆடி மாசத்துக் கஞ்சிதான் ஞாபகம் வந்தது. அந்தச் சோற்றுக்கும் இந்தக் கஞ்சிக்கும் நடுவில் ஒன்பது நூற்றாண்டு. அவ்வளவு காலமும் விவாதம் சோற்றைப் பற்றி அல்ல.

மதிய உணவு வந்தபோது என் நண்பனுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு மாசம் வந்தான். சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டான். ஆனால் அவன் தங்கச்சி, மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள், சோற்றுக்காக வந்து, ஐந்தாம் வகுப்பு வரை இருந்தாள். இன்றைக்கு அவள் பேத்தி ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ்.

'எழுத்து' 1959 ஜனவரியில் வந்தது. புதுக்கவிதையைப் பற்றி அதில் சண்டை நடந்துகொண்டிருந்தபோது நான் ஆறு மைல் நடந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுபதுகளில் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் சிறுபத்திரிகைகளுக்குக் கதையும் கவிதையும் அனுப்பத் தொடங்கியபோது, புதுப் பாஷை, புதுப் பிரக்ஞை என்று விமரிசகர்கள் எழுதினார்கள். அந்தப் பாஷை எங்கிருந்து வந்தது என்பதற்கு எலியட்டை மேற்கோள் காட்டியவர்கள் உண்டு. 1954க்குப் பிறகு திறந்த ஓராசிரியர் பள்ளிகளைக் காட்டியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பிற்பாடு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு. 2022 செப்டம்பரில் காலை உணவு. நடுவே ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு என்று ஒரு உத்தரவு. 2020 பிப்ரவரியில் அது வாபஸ். அதே 2020ல் மத்திய அரசின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பிலிருந்து தொழில் அறிமுகம், பத்து நாள் புத்தகப் பை இல்லாத வகுப்பு. தமிழ்நாட்டில் உடனே பழைய பெயர் எழுந்தது: குலக்கல்வி. அந்தக் காகிதத்தில் அப்பன் தொழில் என்ற வார்த்தை இல்லை. எதையும் ஒரே பெயரால் அழைத்தால் பெயர் மழுங்கும் என்று நினைக்கிறவன் நான். ஆனாலும் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிகிறது. தச்சனிடமும் குயவனிடமும் பத்து நாள் போய்வருகிற பிள்ளைகளில், பதினோராம் நாள் பைக்குத் திரும்புகிறவர்கள் யார், தச்சனிடமே தங்கிவிடுகிறவர்கள் யார் என்பதை எந்தக் கொள்கையும் எழுதுவதில்லை. எங்கள் ஊர்ப் பள்ளியில் இப்போது சுவர் நாலு பக்கமும் இருக்கிறது. பிள்ளைகள்தான் குறைவு. ஏழரை மணிக்கு ஆங்கிலப் பள்ளி வேன் வந்து ஊரில் பாதியை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

நண்பன் நாலு வருஷத்துக்கு முன் இறந்துபோனான். அதற்கு முன்னால் ஒரு நாள், ஏதோ கல்யாணத்துக்கு வந்தபோது, இருவரும் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் எழுந்துபோய்ச் சுவரில் விரலை வைத்து எழுத்துக் கூட்டப் பார்த்தான். தெரிந்த எழுத்தாக ஒன்றிரண்டு அகப்பட்டது, மேலே ஓடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். கால் வேலி நிலம், வீடு, வேதம் என்று சொன்னேன். அரைக்கால் வேலிக் கணக்கையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ மாடு மேய்ச்சவனுக்கு இன்னா போட்டிருக்குது?" என்றான். ஒன்றும் போடவில்லை என்றேன். சரி, மதுராந்தகம் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான். வெளியே வந்ததும் போர்டை அவனே படித்து ஏறிக்கொண்டான்.