தண்ணீர்க் கம்பத்தால் கண்ணாடி துடைத்தல்

தண்ணீர்க் கம்பம் என்பது, தரையில் நின்றபடியே உயரத்துச் சன்னல்களைக் கழுவ உதவும் நீட்டு மடக்குக் கருவி. கார்பன் இழை அல்லது கண்ணாடி இழையால் ஆன குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கும். நுனியில் தூரிகை இருக்கும். மெல்லிய ஹோஸ் வழியே ஏறிவரும் தண்ணீர் தூரிகையில் கொட்டும். சோப்பு வேண்டாம், வைப்பர் வேண்டாம். தேய்த்து, அலசி, காயவிட்டால் போதும். உயரத்தில் ஏறாமல் முடிக்கக்கூடிய வேலைக்கு ஏறக்கூடாது என்று பிரிட்டனின் 2005ஆம் ஆண்டு விதிகள் சொன்ன பிறகு, அங்கே இம்முறை வேகமாகப் பரவியது.

துடைக்காத கண்ணாடி கறைபடாமல் காய்வதற்குக் காரணம் தண்ணீரின் தூய்மை. தண்ணீர் ஆவியானபின் அதில் கரைந்திருந்த உப்புதான் வெள்ளைப் புள்ளியாகத் தங்குகிறது. ஆகவே ஆர்.ஓ. சவ்விலும் அயனிப் பரிமாற்றப் பிசினிலும் வடிகட்டி, கரைந்த உப்பை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இறக்குகிறார்கள். மும்பைக் குழாய்க்கு வரும் பாத்சா, வைதர்ணா ஏரித் தண்ணீரில் உப்பு குறைவுதான்; ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் டேங்கர் தண்ணீர் அப்படியல்ல. வடிகட்டும்போது ஒதுக்கப்படும் தண்ணீரும் கணிசம். விடியற்காலையில் சில மணி நேரமே குழாயில் தண்ணீர் பார்க்கும் தாராவிக் குடிசைப் பகுதிக்குப் பக்கத்தில் அதைச் சாக்கடையில் விடுவது தவறு. தரை கழுவவும் கழிப்பறைக்கும் அது தாராளமாகப் பயன்படும்.

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைக் கடந்தால் பாந்த்ரா குர்லா வளாகம். 1977 முதல் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையத்தின் பொறுப்பில் வளர்ந்த அந்த வணிக நகரின் கண்ணாடி முகப்புகள் மும்பையில் இத்தொழிலுக்கு ஒரு பெரிய களம். ஆனால் பெரும்பாலான கம்பங்களின் எல்லை நாலைந்து மாடி. மிக நீண்டவையும் 20 மீட்டருக்குச் சற்று மேலே வரைதான் எட்டும். அதற்கு மேல் கயிறும், ஜூலா எனப்படும் தொங்கு மேடையும்தான். கயிற்றில் தொங்குபவருக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறும், ஐ.எஸ். 3521 தரத்தில் முழு உடல் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும். பலத்த காற்றிலும் மழையிலும் வேலையை நிறுத்தியே ஆகவேண்டும். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் சாந்தாகுரூசில் 944 மி.மீ. மழை பெய்த ஊர் இது.

உறைபனி மும்பையின் கவலை அல்ல. சாந்தாகுரூசில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1962 ஜனவரி 22 அன்றைய 7.4 டிகிரி செல்சியஸ். லண்டனிலும் டொராண்டோவிலும் இத்தொழிலைச் செய்பவர்களுக்குக் குளிர்காலத்தில் உறைபனியே முதல் கவலை. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். ஹோஸ் அடைக்கும், வடிகட்டிக் கூடு வெடிக்கும், உறைந்த சவ்வு மறுபடி உதவாது. அதனால் வேலை நடுவில் ஓட்டத்தை முழுதாக நிறுத்தமாட்டார்கள். முடிந்ததும் ஹோஸை வடித்துவிட்டு, வண்டியைக் கதகதப்பான இடத்தில் நிறுத்துவார்கள். குளிர்ந்த தண்ணீர் சவ்வில் மெதுவாகவே இறங்கும்: 25 டிகிரியில் 100 லிட்டர் தருவது 5 டிகிரியில் பாதியைச் சற்றே தாண்டும். வாளியும் வைப்பரும் கொண்டு செய்யும் பழைய முறையில் உறையாதிருக்க ஆல்கஹால் கலப்பதுண்டு. கம்ப முறையில் எதைக் கலந்தாலும் அது கண்ணாடியிலேயே காயக்கூடும். வெந்நீர் உதவும்; ஆனால் ஓரத்தில் பழுதுள்ள சில்லிட்ட கண்ணாடியில் கொதிநீர் பட்டால் விரிசல் விடலாம். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து கீழே இருக்கிறது. சொட்டிய தண்ணீர் நடைபாதையில் பனிக்கட்டியாகி, யாரோ ஒரு வழிப்போக்கரை வழுக்கி விழவைக்கும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல் வெளுக்கும் நாட்களில், உதகை விடுதிக்காரர்களும் வெயில் ஏறியபிறகே இவ்வேலையைத் தொடங்குவது நல்லது.

மீண்டும் மும்பைக்கு வந்தால், தாராவிச் சந்துகளுக்கு இக்கருவி ஆகாது. தலைக்கு மேலே மின்கம்பிகள் தாழ்ந்து தொங்குகின்றன. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும், அழுக்கில் கலந்த தண்ணீரும் கடத்தும். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் இங்கே எழவிருக்கும் அடுக்குமாடிகளோ கம்பம் எட்டாத உயரம். அவற்றுக்கு வரைபடம் போடுகிறவர்கள், வீட்டுக்குள் நின்றே இரு பக்கமும் துடைக்கும்படி உள்பக்கம் திறக்கும் சன்னல்களை இப்போதே வரைந்துவிட வேண்டும்.