கோயில் கொடை முதல் பங்குப் பத்திரம் வரை: சித்தூர்ச் சீமையிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

டாக்டர்களைப் பற்றி நம் வீடுகளில் இரண்டு விதமான பேச்சு உண்டு. "கைராசிக்காரர், அவர் தொட்டாலே பாதி குணம்" என்பது ஒன்று. "ஆஸ்பத்திரி கட்டி வியாபாரம் பண்றாங்க" என்பது மற்றொன்று. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில், ஒரே டாக்டரைப் பற்றியே இரண்டு பேச்சும் வருவதை நான் கேட்டிருக்கிறேன். வைத்தியம் பார்ப்பவர் முதல் போட்டுத் தொழில் நடத்துபவராக எப்போது மாறினார்? ஏன் மாறினார்? அதனால் நோயாளிக்கு வந்தது லாபமா, நஷ்டமா? இக்கேள்விகளைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்தை நடுவில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த வட்டாரத்தை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் எல்லைச் சீமை இது. 1911-இல் வட ஆற்காட்டின் ஒரு பகுதியையும் கடப்பையின் ஒரு பகுதியையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-இல் திருத்தணி இந்தப் பக்கம் திரும்பியது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானது. நிர்வாகம் எத்தனை முறை கோடு கிழித்தாலும் நோயாளிகள் அந்தக் கோட்டை மதித்ததில்லை. சித்தூர்க்காரர் வேலூருக்குப் பஸ் ஏறுவார். திருப்பதிக்காரர் சென்னைக்கு ரயில் ஏறுவார். இந்த ஒரு சீமையைச் சுற்றியே கோயில் ஆஸ்பத்திரி, மிஷன் ஆஸ்பத்திரி, கம்பெனி ஆஸ்பத்திரி, டிரஸ்ட் ஆஸ்பத்திரி என எல்லா வகையும் இருக்கின்றன.

நெல்லும் உண்டியலும்

மருத்துவமனைக்கு முதல் போட்டவர் யார் என்று பின்னோக்கிப் போனால் கோயிலில்தான் போய் நிற்போம். காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. வீரசோழன் என்ற பெயரில் அங்கே 15 படுக்கை கொண்ட ஆதுலசாலை நடந்ததை அது கூறுகிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஒரு நாவிதர் என ஆள்கணக்கும், அவரவர்க்கு உரிய நெல் அளவும், இருப்பில் இருந்த மருந்துகளின் பெயர்களும் அதில் வெட்டப்பட்டுள்ளன.

இங்கே கவனிக்க வேண்டியது, வைத்தியர் சம்பளக்காரர் என்பது. கட்டிடம் அவருடையதல்ல, மருந்துக்கு அவர் முதல் போடவில்லை, நோயாளி அதிகமானாலும் குறைந்தாலும் அவருக்கு அளக்கும் நெல் ஒன்றுதான்.

இந்த மரபின் இன்றைய வடிவத்தைத் திருப்பதியில் காணலாம். கைகால் குறைபாடுகளுக்கான 'பர்டு' மருத்துவமனையும், 1993-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும், அதாவது நாம் 'ஸ்விம்ஸ்' என்று சொல்வது, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்தவை. பக்தர் உண்டியலில் போட்ட காசு இங்கே டயாலிசிஸ் இயந்திரமாகவும் மாறியிருக்கிறது. அந்தக் காசைப் போட்டவர் லாபம் கேட்டு வருவதில்லை. பெரிய வசதி அது.

ஒரு படுக்கையும் பத்தாயிரம் டாலரும்

அடுத்த கட்டம் வேலூர். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் வைத்தியம் தொடங்கினார். திரும்பி வரும்போதே, நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்பவர் காலமான தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரை வாங்கிக்கொண்டு வந்தார். 1902-இல் அந்தப் பெயரிலேயே மருத்துவமனை எழுந்தது. இன்று சித்தூர்ப் பக்கமும் ஒரு வளாகம் வைத்திருக்கிற சி.எம்.சி.யின் வேர் இதுதான்.

ஐடா அம்மையாரை நான் வெறும் தொண்டு செய்தவராகப் பார்ப்பதில்லை. நோயாளியைப் பார்த்த அதே டாக்டர் பணம் திரட்டினார், கட்டிடம் எழுப்பினார், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். தொழில்முனைவோர் என்று இன்று யாரைச் சொல்கிறோமோ, அந்த வேலை அத்தனையும் இதில் இருக்கிறது. லாபப் பங்கு மட்டும்தான் இல்லை.

அரகொண்டா டாக்டர்

அந்த லாபப் பங்கையும் சேர்த்துக்கொண்டு வந்தவர் சித்தூர் மாவட்டத்து மண்ணின் மைந்தரே. தவணம்பள்ளி மண்டலத்தில் உள்ள அரகொண்டா சின்ன ஊர். காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலுக்குப் போனவர்களுக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். 1933-இல் அங்கே பிறந்தவர் டாக்டர் பிரதாப் சந்திர ரெட்டி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் இதய மருத்துவராகப் பணியாற்றி, ஊருக்குத் திரும்பி வரச்சொல்லி அப்பா எழுதிய கடிதத்தைப் பார்த்து எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தார்.

அப்போது இதயத்தில் பெரிய அறுவை வேண்டுமென்றால் வசதி படைத்தவர்கள் அமெரிக்காவுக்கோ லண்டனுக்கோ போவார்கள். வேலூரில் 1959-லேயே திறந்த இதய அறுவை நடந்திருந்தது என்றாலும், பைபாஸ் போன்றவற்றுக்கு நாட்டில் வசதி மிகக் குறைவு. 1979-இல் டாக்டர் ரெட்டியின் நோயாளி ஒருவர், டெக்சாஸ் போகப் பணம் புரட்ட முடியாமல் இறந்துபோனார். இளவயதுக் குடும்பஸ்தர். அந்தச் சாவுதான் தம்மை மருத்துவமனை கட்ட வைத்தது என்று ரெட்டி பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் அப்போலோ கம்பெனி பதிவானது. 150 படுக்கை கொண்ட மருத்துவமனையைச் சென்னை கிரீம்ஸ் சாலைப் பகுதியில் 1983 செப்டம்பர் 18 அன்று குடியரசுத் தலைவர் ஜெயில்சிங் திறந்துவைத்தார்.

இடையில் கழிந்த நான்கு வருஷம்தான் வரலாற்று மாணவனுக்கு முக்கியம். மருத்துவமனையை ஒரு தொழிலாக அன்றைய விதிகள் கருதவில்லை. ஆகவே பாங்க் கடன் சுலபமாகக் கிடைக்காது. வெளிநாட்டு இயந்திரங்களுக்குச் சுங்க வரி ஏறிக் கிடந்தது. இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும். ஒரு டாக்டர் நோயாளிகளை விட்டுவிட்டு டில்லி அலுவலகங்களில் ஃபைல் பின்னால் நடந்தார். விதிகள் மெல்லத் தளர்ந்தன. பங்குகள் வெளியிட்டுப் பொதுமக்களிடம் முதல் திரட்டி மருத்துவமனை நடத்தலாம் என்ற வழி திறந்தது. அந்த வழியில் பின்னால் எத்தனையோ டாக்டர்கள் நடந்தார்கள்.

2000 மார்ச்சில் அரகொண்டாவின் பெயர் உலகச் செய்தியானது. அங்கே அப்போலோ கட்டியிருந்த சிறிய மருத்துவமனையைச் செயற்கைக்கோள் வழியாகச் சென்னையோடும் ஹைதராபாத்தோடும் இணைத்த தொலைமருத்துவத் திட்டத்தை, ஹைதராபாத்துக்கு வந்திருந்த அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். சென்னை நரம்பியல் அறுவை நிபுணர் டாக்டர் கே. கணபதி அத்துறைக்கு நெடுங்காலம் உழைத்தார். கொரோனா காலத்தில் நாமெல்லாம் கைப்பேசியில் டாக்டரைப் பார்த்தோமே, அதற்கு இருபது வருஷம் முன்பே நம் சீமைக் கிராமம் ஒன்று அதைச் செய்து பார்த்துவிட்டது.

பங்கு முதலின் மறுபக்கம்

பெருமையை மட்டும் எழுதினால் அது வரலாறு ஆகாது. பங்கு வாங்கியவர் ஆண்டுதோறும் வருமானத்தை எதிர்பார்ப்பார். இயந்திரம் கோடிக்கணக்கில் வாங்கப்பட்டால் அது சும்மா நிற்கக்கூடாது. படுக்கை காலியாக இருந்தால் நஷ்டம். இந்த நெருக்கடி எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமலேயே டாக்டரின் பேனா முனை வரை வந்து சேரும்.

டில்லியில் நடந்ததே சான்று. 1996-இல் திறந்த இந்திரப்பிரஸ்தா அப்போலோவுக்கு டில்லி அரசு நிலம் கொடுத்துப் பங்குதாரராகவும் சேர்ந்தது. மூன்றில் ஒரு பங்குப் படுக்கை ஏழைகளுக்கு இலவசம் என்பது ஒப்பந்தம். அது சரியாக நிறைவேறவில்லை என்று வழக்கு நடந்து, 2009-இல் டில்லி உயர் நீதிமன்றம் மருத்துவமனையைக் கண்டித்து, ஒப்பந்தப்படி இலவச சிகிச்சை தர உத்தரவிட்டது. அரசே பங்குதாரராக இருந்தும் ஏழைக்குரிய படுக்கையைக் கேட்டு வாங்க ஒரு வழக்கு தேவைப்பட்டது.

என் உறவினர் ஒருவரின் அனுபவத்தையும் சொல்லலாம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். முதுகுவலிக்குப் போனவரிடம் டாக்டர், "இந்த இடத்தில்தான் ஸ்கேன் எடுக்கணும், வேற இடம் சரிப்படாது" என்றாராம். அந்த ஸ்கேன் சென்டரில் டாக்டருக்கும் பங்கு உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை, தேவைப்பட்டே இருக்கலாம். ஆனால் அந்தச் சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால், அடுத்த முறை அந்த டாக்டர் உண்மையைச் சொன்னாலும் நோயாளி நம்பமாட்டார். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. கமிஷனாக வந்தால் குற்றம். பங்கு லாபமாக வந்தால்?

மதுரைக் கணக்கு

வேறு வழி உண்டா? உண்டு என்று காட்டியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்புரை அறுவைகள் செய்தார். முதல் போட்டது உடன்பிறந்தவர்கள். வீட்டையும் நகையையும் அடகு வைத்த கதையை அக்குடும்பத்தார் மறைத்ததில்லை.

அவர் கண்டுபிடித்தது ஒரு கணக்கு. அறுவை அரங்கில் அடுத்தடுத்து இரண்டு மேசை. ஒன்றில் அறுவை முடியும்போது மற்றொன்றில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார். முன்வேலை, பின்வேலை எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். டாக்டரின் நேரம் வீணாகாததால் ஓர் அறுவையின் அடக்கச் செலவு குறைந்தது. கட்டணம் தருபவர்களிடமிருந்து கிடைத்த உபரி, தர முடியாதவர்களுக்கும் அடுத்த கட்டிடத்துக்கும் போனது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அன்று இறக்குமதி விலையில் 100 டாலரை ஒட்டி இருந்தது. 1992-இல் அரவிந்தே ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி, பத்து டாலருக்கும் பிறகு அதற்கும் கீழேயும் கொண்டுவந்தது. திருப்பதியில் 2019-இல் அரவிந்த் திறக்கப்பட்டபோது நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு அலைச்சல் மிச்சமாயிற்று.

இன்னொரு உதாரணம் திருவனந்தபுரம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் இதய அறுவை நிபுணர் டாக்டர் எம்.எஸ். வலியத்தான், வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போன ஏழைப் பிள்ளைகளுக்காக உள்நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தார். மூன்று மாதிரிகள் தோற்று நான்காவது தேறியது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உற்பத்தி செய்ய முன்வந்தது நமக்குத் தெரிந்த டி.டி.கே. நிறுவனம். இங்கே டாக்டர் கண்டுபிடித்தார், அரசு நிறுவனம் ஆய்வுச் செலவைத் தாங்கியது, தனியார் முதல் உற்பத்தியைத் தாங்கியது. மூன்று பேர் மூன்று பொறுப்பு.

அரசு கட்டணம் கட்டத் தொடங்கியபோது

2007-இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ வந்தது. கொண்டுவந்த முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் டாக்டரே, திருப்பதி எஸ்.வி. மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தவர். 2009-இல் தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழையின் அறுவைக்கு அரசு பணம் கட்டும், தனியார் மருத்துவமனை செய்யும். காசில்லாமல் திரும்பிய பலர் உயிர் பிழைத்தார்கள். அதே சமயம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பணம் தனியாருக்குப் போகிறது என்ற குறையும் எழுந்தது. இரண்டும் உண்மை. 2016-இல் சித்தூரில் அப்போலோ மருத்துவக் கல்லூரி தொடங்கி, மாவட்ட அரசு மருத்துவமனை அதன் பயிற்சிக்கு இணைக்கப்பட்டபோதும் ஊரில் இதே விவாதம்தான்.

நம் குடும்பங்களுக்கு

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிள்ளையோ மருமகளோ டாக்டராக இல்லாத வீடு குறைவு. ஊரில் ஆஸ்பத்திரி தொடங்க, கருவி செய்யும் புதுக் கம்பெனியில் பணம் போட என்று அவர்களிடம் ஆள் வருகிறது. அவர்கள் நம்மிடம் யோசனை கேட்கிறார்கள். வள்ளுவர் மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு சொன்னார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து கவனிப்பவர். ஐந்தாவதாக முதல் போடுபவர் இப்போது வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுந்து போகச் சொல்ல முடியாது. 1979-இல் அந்த நோயாளி இறந்தது முதல் போட ஆள் இல்லாததால்தான்.

ஆகவே பணம் போடுமுன் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்வேன். இந்த முதலீட்டால் ஒரு சிகிச்சையின் விலை குறையுமா, கூடுமா? நோயாளியைப் பார்க்கும் டாக்டருக்கு இதில் பங்கு இருந்தால், அதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வாரா? லாபம் வராத ஆண்டில் முதலில் எதை நிறுத்துவார்கள், விளம்பரத்தையா, இலவசப் படுக்கையையா? இம்மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால் தாராளமாகப் போடலாம். மழுப்பினால் அந்தப் பணத்தைப் பாங்கில் வைப்பதே நல்லது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். பெரிய மருத்துவமனைகளின் வரலாறு எப்படியும் எழுதப்பட்டுவிடும். சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதித் தெருக்களில் இரண்டு அறை கிளினிக் வைத்து, கடன் வாங்கி எக்ஸ்ரே மெஷின் போட்டு, காசில்லாதவரிடம் "அப்புறம் குடும்மா" என்று சொன்ன டாக்டர்களின் கதை எழுதப்படவில்லை. உங்கள் வீட்டில் பழைய மருந்துச் சீட்டு, ரசீது, புகைப்படம் எதுவானாலும் இருந்தால் சங்கத்துக்குப் பிரதி அனுப்புங்கள். அடுத்த மலரில் அவற்றை வரிசைப்படுத்தி எழுத எண்ணியிருக்கிறேன்.